எங்கள் வீட்டு நத்தைகள்

நத்தையைப் போல விசுவாசமான பிராணி இன்னொன்று கிடையாது. எல்லோரும் நாயைச் சொல்வார்கள். நாய், சோறு போட்டால்தான் திரும்பி வரும். நத்தை, தூக்கி எறிந்தாலும் திரும்பி வரும்.

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். கேரட் மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நல்ல மண்தான். போன வருடம் நீங்களே பரிசோதனைக்கு ஒரு பை அள்ளிக்கொண்டு போனீர்கள்.

மருமகள் உங்களுக்குத் தேநீர் போடப் போயிருக்கிறாள். போகும்போது வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாளே, கவனித்திருப்பீர்கள். "மாமா, நீங்க வாயே திறக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தா போதும்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அவள் தேநீரை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குகிறவள். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில், அதாவது என் சம்பந்தியின் தோட்டத்தில், லெட்டூஸ் கீரைப் பாத்தியில், நத்தைக்குப் போடும் நீல நிற மருந்துக் குருணை கிடந்தது. இயற்கை விவசாயம் என்று உங்கள் சங்கம் சான்றிதழ் கொடுத்த மண்ணில் அது ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. தவறுதலாகச் சிந்தியது என்றால் அந்த ஒரு பாத்தியை மட்டும் ஒதுக்கி வைப்பீர்கள். வேண்டுமென்றே போட்டது என்றால் மூன்று வருடத்துக்குச் சான்றிதழே கிடையாது. பழைய மூட்டை ஒன்று கிழிந்து கொட்டிவிட்டது என்று என் சம்பந்தியும் என் மகனும் என் மருமகளும் உங்களிடம் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். என் மகன் சொல்லும்போது தரையைப் பார்த்திருப்பான். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் பழக்கம் இல்லாததால் அவனுக்கு அதில் பயிற்சி போதாது.

என்னை நீங்கள் கேட்கவில்லை. வயசானவர், எதற்குத் தொந்தரவு என்று விட்டிருப்பீர்கள். தொந்தரவு இல்லை.

முதலில் எங்கள் அடையாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும் வாளியைப் பாருங்கள். அந்த ஏணி, தராசு, மண்வெட்டிப் பிடி எல்லாவற்றையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். எனாமல் பெயிண்ட், விரல் நுனி அளவு. என் தாத்தா தொடங்கி வைத்த பழக்கம். இரவல் போன பொருள் வீடு திரும்புவதற்காக என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. எங்கள் பொருளை இன்னொருவர் பொருள் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது, அதற்காக. அந்தப் புள்ளி இல்லாமல் இந்த வாசலைத் தாண்டி ஒரு கூடைகூடப் போனதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி, "என் முதுகுலயும் ஒண்ணு வெச்சிருங்க, தொலைஞ்சு போனா யாராவது கொண்டுவந்து விடுவாங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. அதற்காக அவள் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்ததும் மருந்து அறையைக் காலி செய்தாள். தெளிப்பான், பூச்சிமருந்து, உரமூட்டை எல்லாம் வண்டியில் ஏறிப் போயின. நான் மறுக்கவில்லை. காலம் மாறுகிறது. தவிரவும், நஞ்சில்லாக் காய்கறி என்று புதிதாகப் பெட்டி அடித்து, அதன் நடுவில் எங்கள் மஞ்சள் புள்ளியை அச்சிட்டிருந்தாள். அச்சு நன்றாக வந்திருந்தது. ஞாபகத்துக்கு என்று ஒரே ஒரு டப்பாவை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மருந்து போனது, நத்தை வந்தது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறி இறங்கியது போல. கையால் பொறுக்குவதுதான் வழி என்று மருமகள் சொன்னாள். அந்த வேலை எனக்கு வந்தது. டாக்டர் வேறு தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார். கையை வீசிக்கொண்டு காரியமில்லாமல் நடப்பது எனக்கு ஒப்பாது. ஒரு பிஸ்கெட் டின்னை எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்கினேன்.

பொறுக்கியதை என்ன செய்வது? உப்புத் தண்ணீர் வாளியில் போடச் சொன்னாள். வீடு தேடி வந்தவர்களை உப்புத் தண்ணீரில் போடுவது எங்கள் வழக்கமல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் அதே நத்தைகள் அதே முட்டைக்கோஸில் இருந்தன.

"அதே நத்தைன்னு எப்படித் தெரியும்?" என்றாள் என் மனைவி.

"முகத்தைப் பார்த்தா தெரியுது."

"நாற்பது வருஷமா என் முகத்துல மூக்குத்தி இருக்கா இல்லையான்னு தெரியாது. நத்தைக்கு முகம் தெரியுதாம்."

அவள் வாயை அடைப்பதற்காகத்தான் முதன்முதலில் நத்தைகளின் ஓட்டில் மஞ்சள் புள்ளி வைத்தேன். ஆராய்ச்சி நோக்கம் மட்டுமே. அதே நத்தைகள்தான் வந்தன. வேலி தாண்டி விட்டாலும் வந்தன. பம்புசெட் வரை கொண்டுபோய் விட்டாலும், கொஞ்சம் தாமதமாக, வந்து சேர்ந்தன. எனக்கு அவற்றின் மேல் ஒரு மதிப்பு ஏற்பட்டுவிட்டது. என் மகன் வெளியூரில் படித்தபோது இத்தனை ஒழுங்காக வீட்டுக்கு வந்ததில்லை.

இங்கே என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பல் டாக்டர். ஓய்வு பெற்றதும், மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, வண்டிப் பாதைக்கு அந்தப் புறம் இருந்த நிலத்தை வாங்கினார். அரைக்கால் சட்டையோடு மண்ணில் இறங்கினார். மற்றவர் பற்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்ததாலோ என்னவோ, தன் பற்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே இருப்பார். சிரிப்பு. சத்தமான சிரிப்பு. நாங்கள் நாலு தலைமுறையாக விவசாயம் செய்கிறோம். ஒருவரும் வயலில் நின்று சிரித்ததில்லை.

"சம்பந்தி, செடிகூடப் பேசினா நல்லா வளருமாமே?" என்பார்.

"நாங்கள் தண்ணீர் விடுகிறோம்" என்பேன்.

இந்த மனிதருடைய லெட்டூஸ் நன்றாக வந்தது. ஏன் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று நோயாளிகளுக்கு நஞ்சில்லாக் கீரை வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் பார்த்து வந்தது. சமையலறையைக் கவனிக்கும் அம்மையார் நேரிலேயே வந்தார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே பெஞ்சில்தான். எங்கள் லெட்டூஸில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். "நல்லாருக்கு. லேசா ஒரு கசப்பு" என்றார். பிறகு சம்பந்தி நீட்டிய இலையைக் கடித்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார், அம்மா.

வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடினார், அவ்வளவுதான். என் வீட்டில், என் பெஞ்சில், என் மருமகள் முன்னிலையில். என் சம்பந்தி என் தோளில் தட்டி, "அடுத்த வருஷம் உங்களுது நல்லா வரும் சம்பந்தி, கவலைப்படாதீங்க. என் நாத்துல கொஞ்சம் தரேன்" என்றார். எங்களுக்கு நாற்றுத் தருவாராம். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது. மறுநாள் வழக்கம்போல நடக்கப் போனேன்.

காலை வெயில் முதுகில் படும்படி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் வண்டிப் பாதையைக் கடந்து சம்பந்தியின் லெட்டூஸ் பாத்தியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சூரியன் பொறுப்பு. கையில் டின் இருந்தது. கனமாக இருந்தது. இறக்கி வைத்தேன். மூடியைத் திறந்து வைத்தேன், அவர்களுக்கும் காற்று வேண்டுமே. யாரையும் நான் வெளியே பிடித்துத் தள்ளவில்லை.

அந்தத் தூரத்திலிருந்து ஒருவரும் திரும்பி வரவில்லை. முதலில் தூரம்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. அந்த லெட்டூஸ் கிடைத்தவன் எதற்கு எங்கள் முட்டைக்கோஸுக்குத் திரும்பி வருவான்?

இதுவரை நீங்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நத்தையைக் கொல்லாமல் இடம் மாற்றினேன். உங்கள் சங்கம் ஒட்டியிருக்கும் சுவரொட்டியிலேயே அப்படித்தான் படம் போட்டிருக்கிறது.

சில நாட்களில் எங்கள் தோட்டத்தில் நத்தையே இல்லாமல் போனது. என் காலை நடைக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. கொல்லைப்புறத்தில் பழைய குளியல் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஈர மண் நிரப்பி, மேலே வலை கட்டி, மீதி இருந்த சிலரை அதில் குடிவைத்தேன். நத்தைக்கு ஓடு உறுதியாக வர சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன். கேரட் துருவிப் போட்டேன். கேரட் போட்டால் அவர்களுடைய எச்சமும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். ஒளிவுமறைவு இல்லாத ஜீவன்.

"யாருக்கு இவ்வளவு கேரட்?" என்று என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"வேண்டியவங்களுக்கு."

"பேரப்பிள்ளைக்கு ஒரு நாள் துருவிக் கொடுத்திருப்பீங்களா?"

"அவனுக்குப் பல் இருக்கு."

பெருகினார்கள். நத்தைகளில் ஆண் பெண் என்ற பாகுபாடு கிடையாது, எல்லோரும் முட்டையிடுவார்கள். சம்பந்தம் பேசுகிற சிரமம் இல்லை, சம்பந்தி வருகிற சிரமமும் இல்லை. அந்த ஏற்பாட்டை நான் பலமுறை யோசித்து வியந்திருக்கிறேன். குட்டிகள் சட்டைப் பொத்தான் அளவு வளர்ந்ததும் ஊசி முனையால் மஞ்சள் புள்ளி வைத்து, டின்னில் அனுப்பினேன். என் கண் இப்போதும் நன்றாகத் தெரிகிறது, கை நடுங்குவதில்லை. வேண்டுமானால் பாருங்கள்.

புள்ளி வைத்தால் மாட்டிக்கொள்வோமே என்று தோன்றவில்லையா என்று கேட்கிறீர்கள். தோன்றியது. அநாமதேயமாக ஒரு காரியம் செய்வது எங்கள் பரம்பரையில் இல்லை.

சம்பந்தியின் தோட்டத்தில் இலைகள் சல்லடையாயின. என்னிடம்தான் யோசனை கேட்க வந்தார். "சம்பந்தி, நாலு தலைமுறை அனுபவம் உங்களுக்கு. என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றார். கேட்ட விதம் மரியாதையாக இருந்தது. ஆகவே, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவச் சொன்னேன். சாம்பல் ஈரமானால் பலன் தராது. மறுநாள் காலையில் அவருடைய செடிகள் வாடியிருப்பது போல எனக்குத் தெரிந்தது. பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். பலகையைத் தரையில் போட்டு வைத்தால் நத்தைகள் அடியில் ஒதுங்கும், காலையில் எடுத்து அப்புறப்படுத்தலாம் என்றேன். அவர் எழுந்து வருவதற்கு முன் நானே போய் எடுத்து, பாத்தியின் நடுவில் அப்புறப்படுத்தினேன். எங்கே அப்புறப்படுத்த வேண்டும் என்று அவர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. தட்டில் பீர் ஊற்றி வைத்தால் அதில் விழும் என்று வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாதியை அவர் குடித்துவிட்டு மீதியை வைப்பார். அதை நான் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடிப்பழக்கம் வருவதை நான் விரும்பவில்லை.

கடைசியில் வாத்து வாங்கி விட்டார். வாத்து நத்தையை ஓட்டோடு விழுங்கும். இதற்கு மட்டும் நான் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. தினமும் விடிந்ததும் ஒரு படி சோளத்தைக் கொண்டுபோய் லெட்டூஸ் பாத்தி ஓரமாகத் தூவினேன். வயிறு நிறைந்த வாத்து நத்தையைத் திரும்பியும் பார்க்காது. வாத்துக்குச் சாப்பாடு போட்டேன் என்று என்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அவற்றில் ஒரு வாத்துக்குக் கம்பவுண்டர் என்று சம்பந்தி பெயர் வைத்திருந்தார். அவர் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு வருவது போல நடக்கும். கொஞ்ச நாளில் அது என் பின்னால் நடக்கத் தொடங்கியது. டின் சத்தம் கேட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். தரையில் எதைப் போட்டாலும் நம்பிச் சாப்பிடும்.

அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை செய்தும் ஆஸ்பத்திரி என்ன செய்தது தெரியுமா? லெட்டூஸ் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே என்று அனுப்பியதைத் திருப்பி விடுவார்கள் என்று காத்திருந்தேன். அந்த அம்மையார் மறுபடி வந்தார். இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியே என் முகம்கூட அவருக்குத் தெரிந்திருக்கும். "இதுதாங்க எங்களுக்கு வேணும். பூச்சியே சாப்பிடுதுன்னா மருந்தே அடிக்கலைன்னுதானே அர்த்தம்! நோயாளிங்ககிட்ட இந்த ஓட்டையைக் காட்டித்தான் நாங்க பரிமாறப் போறோம்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களும் ஓட்டை இலை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கள் இலை முழுசாக, பளபளவென்று இருந்தது. "இதுல ஏதோ அடிச்சிருக்காங்க" என்று ஒரு பெண்மணி என் காதுபடச் சொல்லிவிட்டுத் திருப்பி வைத்தாள்.

என் நத்தைகள், என் கேரட்டைத் தின்று வளர்ந்தவர்கள், என் சம்பந்தியின் லெட்டூஸுக்கு நற்சான்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டைக்கு மருந்தில்லை என்று பொருள் வந்துவிட்டால், அங்கே மருந்து இருக்கிறது என்று காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை. ஞாபகத்துக்கு வைத்திருந்த டப்பா என்று சொன்னேன் அல்லவா? நத்தைக் குருணை. நீங்கள் ஆய்வுக்கு வரப்போகிறீர்கள் என்று தெரிந்ததும், முந்தின நாள் விடியற்காலையில், சோளம் தூவும் அதே இடத்தில், லெட்டூஸ் அடியில் கண்ணில் படும்படியாகத் தூவினேன். தூவிய கைப்பழக்கம் இருந்ததால் சீராக விழுந்தது.

குருணை போட்டால் என் நத்தைகளும் சாகும் என்று எனக்குத் தெரியும். வருத்தம்தான். ஒரு குடும்பத்தின் கௌரவத்துக்காகச் சிலர் போக வேண்டியிருக்கும். அவர்கள் புள்ளியோடு போனார்கள்.

அந்த லெட்டூஸ் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்ததே என்று கேட்கிறீர்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. நீங்கள் வரும்வரை அறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அறுத்தாலும் கழுவித்தான் பரிமாறுவார்கள். மேலும், அது ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அறுக்கவில்லை. அறுக்கப் போன சம்பந்தி கம்பவுண்டரைப் பார்த்தார்.

சோளம் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறது. நான் போட்டால் எதுவும் சாப்பாடுதான் அதற்கு. கழுத்தை நீட்டியபடியே பாத்தியில் படுத்திருந்தது. பக்கத்தில் நீலக் குருணை. அதைச் சுற்றி மஞ்சள் புள்ளியோடு நத்தைகள். வாத்து விஷயத்தில் மட்டும் நான் வருத்தத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மற்றவை எல்லாம் திட்டப்படிதான் நடந்தன.

என் சம்பந்தி உள்ளங்கையில் ஒரு நத்தையை வைத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்தார். அன்று சிரிக்கவில்லை. மருமகள் காய்கறிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், என் மகன் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தான். நத்தையை அந்தத் தராசின் மேல் வைத்தார். மூன்று பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இது நம்ம வீட்டு நத்தைதான்" என்றேன். மறுக்க என்ன இருக்கிறது?

கொல்லைக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார்கள். சம்பந்தி வலையைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன்.

"அடேங்கப்பா" என்றார். "சம்பந்தி, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சு அனுப்பியிருக்கீங்களே! நான் பல் பிடுங்கின காலத்துலகூட இவ்வளவு பொறுமையா ஒரு வேலை செஞ்சதில்ல."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் கம்பவுண்டர்" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"போகட்டும் விடுங்க. நான் மன்னிச்சுட்டேன். பொறுக்கி எடுத்தாலும் மண்ணைப் பரிசோதிச்சா தெரிஞ்சுடும், அதனால பழைய மூட்டை கிழிஞ்சு கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரு வெளியே வராது, நான் பார்த்துக்கறேன்."

மன்னித்துவிட்டாராம்.

"மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் சான்றிதழ் போகட்டும்" என்றேன்.

அப்போதுதான் மருமகள் அழுதாள். "மாமா, உங்க சான்றிதழ் எங்கப்பா சான்றிதழ்னு ரெண்டு இல்ல மாமா. ரெண்டு தோட்டத்தையும் சேர்த்து ஒரே சான்றிதழா வாங்கியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போற அப்பா லெட்டூஸும் நம்ம பெட்டியிலதான் போகுது. உங்க மஞ்சள் புள்ளி போட்ட பெட்டி. எங்கப்பாதான் சொன்னாரு, சம்பந்தி வீட்டுப் பேருலயே போகட்டும், அவருக்குச் சந்தோஷமா இருக்கும்னு. உங்ககிட்ட சொல்ல நேரம் பார்த்துட்டிருந்தேன்."

என் மகன் தரையைப் பார்த்தான்.

ஆக, அம்மா, இரண்டாவது தடவை அந்த அம்மையார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது எங்கள் பெயரில் போன லெட்டூஸ். நான் மருந்து போட்டது எங்கள் பெயரில் வளர்ந்த பாத்தி. எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து யோசித்தேன். என் மனைவி வந்து எதிரே நின்றாள். "இப்பவாவது போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவு பெரிய மனுஷன்" என்றாள்.

அந்த வார்த்தைதான் எனக்குத் தெளிவைக் கொடுத்தது. பெரிய மனுஷன். இனி இந்த வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டுக்கும் முன்னால் அது உட்கார்ந்திருக்கும். சம்பந்தி பெரிய மனுஷன். சம்பந்தி காப்பாற்றிவிட்டார். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார். நாலு தலைமுறைக்கும் மன்னிப்பு வாங்கிய வரலாறு கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன். மூட்டை கிழியவில்லை. மூட்டை என்று ஒன்றே இல்லை. நத்தைகளை வளர்த்தது நான். அனுப்பியது நான். சாம்பலை நனைத்தது, பலகையைத் திருப்பியது, வாத்துகளைப் பழக்கியது நான். குருணையைத் தூவியது நான், தெரிந்தே, சுயநினைவோடு, நல்ல ஆரோக்கியத்தோடு. என் சம்பந்திக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மன்னிக்கும் பங்குகூட இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுதினால் இரண்டு தோட்டத்துக்கும் மூன்று வருடம் சான்றிதழ் கிடையாது, மருமகளின் உழைப்பெல்லாம் போய்விடும் என்கிறீர்கள். தெரியும். எட்டு வருடம் அவள் மண்ணைத் திருத்தினாள் என்பதும் தெரியும். நான் எழுதச் சொல்லாவிட்டால், எதுவும் காதில் விழாதது போல எழுந்து போய்விடுவதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் நல்ல பெண். உங்களுக்கும் என்னை மன்னிக்க வேண்டும் போல இருக்கிறது. வேண்டாம். பேனாவை எடுங்கள்.

வா அம்மா. தேநீரை இங்கே வை. இவர்கள் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார்கள். எதற்கு அப்படி நிற்கிறாய்? ஆமாம், சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்தான். கப் கையிலேயே சிந்துகிறது, பார். உன் அப்பாவுக்கு இனி என்னால் எந்தச் சிரமமும் இல்லை என்று போய்ச் சொல். அவர் இனி பெருந்தன்மையாக நடந்துகொள்ளத் தேவையில்லை. உனக்காகத்தான் இதைச் செய்தேன். இந்தக் குடும்பத்தின் பெயருக்காக. நீ ஒரு நாள் புரிந்துகொள்வாய். அழாதே. அந்தப் பெட்டியில் உட்காராதே, அதில் நம்முடைய புள்ளி இருக்கிறது.

போய்விட்டாள். சின்ன வயது, கௌரவம் என்றால் என்னவென்று தெரிய நாளாகும்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளியும் வைத்துவிடுகிறேன். பெயிண்ட் இங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரிக்கு இனி யார் கீரை கொடுப்பார்கள்? ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டமா? அக்கா தங்கை இருவர் நடத்துகிறார்களே, அதுதானே? அவர்களுடைய கீரை அவ்வளவு நன்றாக இருக்குமா? அந்த அம்மையார் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாரா?

கண்ணை மூடிக்கொண்டாரா?

இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். தொட்டியில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நத்தைக்கு ஆறு கடக்கத் தெரியாது. ஆனால் பாலம் நடக்கிற தூரம்தான், டாக்டரும் நடையை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருக்கிறார்.